பொன்னம்மையின் சிலுவை

மீரா கல்லறைகளைப் படம் எடுக்கிறவள் என்பது திருவனந்தபுரம் கோட்டைக்குள் அவர்கள் இருந்த அக்ரஹாரத் தெரு முழுக்கத் தெரியும். அதற்குக் காரணம் அவள் அம்மா விஜயலக்ஷ்மிதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோளில் கேமராப் பையும் செருப்பில் சேறுமாக மீரா வந்து நின்றால் வாசல் கதவு திறக்காது. ஜன்னல் வழியாக அம்மாவின் குரல் மட்டும் வரும்.

"இன்னிக்கு எந்த சுடுகாடு?"

"சுடுகாடு இல்லம்மா. கல்லறைத் தோட்டம்."

"ரெண்டுக்கும் ஒரே ஸ்நானம்தான். கொல்லப்பக்கமா வா. கிணத்தடியில வென்னீர் விளாவி வெச்சிருக்கேன், ஆறிடப்போறது."

எதிர்வீட்டில் சிரிப்பார்கள். மீரா சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போவாள். வெந்நீர் எப்போதும் சரியான சூட்டில் இருக்கும். மாற்றுப் புடவையும் துண்டும் கொடியில் தொங்கும். திட்டுகிறவள்தான் இதையும் செய்து வைத்திருப்பாள்.

மீராவுக்கு முப்பத்தெட்டு வயது. கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. போனில் வரும் செயலிகளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கவேண்டும், எந்த நிறத்தில் இருக்கவேண்டும் என்று வரைந்து கொடுப்பாள். வாரம் முழுக்க மழமழவென்ற திரைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாசியையும் பொரிந்துபோன காரையையும் பார்க்கவேண்டும்.

அப்பா வெங்கடேஸ்வரன் இறந்த வருஷம்தான் இது ஆரம்பித்தது. தைக்காட்டு மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மறுநாள் அஸ்தியைத் திருவல்லத்தில் ஆற்றில் கரைத்தார்கள். அதற்கப்புறம் அப்பாவைப் பார்க்கவேண்டும்போல இருந்தால் எங்கே போய் நிற்பது என்று மீராவுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் ஆபீஸ் முடிந்து திருவல்லத்துக்கே போய் நின்று பார்த்தாள். படித்துறையில் யாரோ பசுமாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்துவிட்டாள்.

சில மாதம் கழித்து, ஆபீஸ் சிநேகிதி ஒருத்தியின் கல்யாணத்துக்குப் பாளையம் பக்கம் ஒரு தேவாலயத்துக்குப் போயிருந்தபோது, கூட்டத்தைவிட்டு விலகிப் பின்பக்கம் நடந்தாள். அங்கே பழைய கல்லறைகள். யாரும் வந்து பல காலம் ஆகியிருக்கவேண்டும். ஒரு கல்லறையைப் பிளந்துகொண்டு ஆலங்கன்று ஒன்று நின்றது. இன்னொன்றின் மேல் சங்குப்பூக் கொடி படர்ந்து, கல்லே தெரியாமல் நீலமாகப் பூத்திருந்தது. பட்டுப்புடவையோடு அந்தக் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், சிநேகிதி தேடிக்கொண்டு வரும்வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு அப்பாவின் பழைய தோழர் ஒருவரிடம் ஃபிலிம் கேமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு அதே இடத்துக்குப் போனாள்.

பிறகு அவள் போகாத இடம் இல்லை. அஞ்சுதெங்கில் கடற்கரை ஓரத்துக் கல்லறைகள், நெடுமங்காடு போகிற வழியில் ரப்பர் தோட்டத்துக்குள் மறைந்துபோன ஒரு குடும்பத்தின் கல்லறைகள், மலை எஸ்டேட்டுகளில் இருப்பவை. தனக்கென்று சில முறைகளும் வைத்துக்கொண்டாள். ஒரு இலையைக்கூடக் கிள்ளக்கூடாது. கொடியை விலக்கிப் பெயரைப் படிக்கக்கூடாது. எப்படி இருக்கிறதோ அப்படியே எடுக்கவேண்டும். செடியும் கல்லும் சேர்ந்து என்ன செய்துகொண்டிருக்கின்றனவோ அதில் தான் குறுக்கே போகக்கூடாது என்று நினைத்தாள்.

கல்லூரியில் கூடப் படித்த பிரஜின் வழுதக்காட்டில் ஒரு பழைய வீட்டைப் படக்கூடமாக மாற்றி நடத்திவந்தான். மார்த்தாண்டத்துக்காரன், வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். அவன்தான் படங்களைப் பார்த்துவிட்டு, "இதை வீட்டுல பூட்டி வைக்காதே" என்று கண்காட்சி வைத்தான். தலைப்பும் அவன் யோசனைதான்: 'பெயரில்லாதவர்கள்.' மீராவுக்கும் பிடித்திருந்தது.

கூடத்தில் நுழைந்ததும் எதிரே தெரிந்தது போனக்காடு மலை எஸ்டேட்டில் எடுத்த படம். இருப்பதில் அதுதான் பெரியது. கைவிட்டுப்போன தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து நிற்கும் சரிவில் சாய்ந்த ஒரு சிறிய சிலுவை. அதன் மேல் முழுக்கப் பாசியும் பெரணியும். ஒரு மரத்தின் வேர் அதைக் கைபோலப் பிடித்திருந்தது. பின்னால் மேகத்துக்கு மேலே உச்சி மட்டும் தெரியும் மலை. பாசிக்கு நடுவில் நீலமாக ஒரு துளி. ஏதோ பூவின் இதழ் விழுந்திருக்கிறது என்று மீரா நினைத்திருந்தாள். தங்கும் விடுதி நடத்துகிற ஒருவர் முதல் நாளே அந்தப் படத்தைத் தன் வரவேற்பறைக்காகச் சொல்லிவைத்துவிட்டார். விற்றுப்போனதற்கு அடையாளமாக ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலும் அந்தப் படம் வந்தது.

திங்கட்கிழமை மதியம் அந்தப் பெண் வந்தாள்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் சுடிதார், கையில் மடித்த பத்திரிகைத் தாள், வெயிலில் நடந்து வந்த வியர்வை. மற்றப் படங்கள் எதையும் பார்க்காமல் நேராகப் போனக்காட்டுப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு பக்கத்தில் போனாள். இன்னும் பக்கத்தில். மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்கு. பிரஜின் மேஜையிலிருந்து எழுந்து, "தொடக்கூடாது, கேட்டீங்களா" என்றான். அவள் திரும்பினாள்.

"இத எடுத்தது யாரு?"

மீரா அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். "நான்தான்" என்று முன்னால் வந்தாள்.

"பேரில்லாதவங்கன்னு எழுதிப் போட்டிருக்கீங்களே, இவங்களுக்குப் பேரில்லன்னு ஒங்ககிட்ட யாரு சொன்னது?"

"படத்துல பேர் தெரியல... அதனால..."

"தெரியலன்னா பாசியைத் தொடச்சுப் பாக்கணும். பொன்னம்மைன்னு எழுதியிருக்கும். எங்க அம்மை." விரலால் அந்த நீலத் துளியைக் காட்டினாள். "இது பூன்னு நெனச்சீங்களா? பூ இல்ல. பீங்கான். மானேஜர் வீட்டம்மா ஊருக்குப் போறப்ப எங்கம்மைக்கு ஒரு தட்டு குடுத்துட்டுப் போனாங்க. வெள்ளையில நீலப்பூ போட்டது. அம்மை அதுல ஒரு நாளும் சோறு போட்டதில்ல. கிறிஸ்மசுக்கு மட்டும் கீழ எறக்கி, கேக்கு வச்சு, களுவித் தொடச்சு மேல வச்சுருவா. அவ போனப்புறம் எங்கப்பா அந்தத் தட்டைச் சுத்தியலால ஒடச்சு, சிமெண்டு காயுமுன்ன சிலுவையில பதிச்சாரு. நான் பக்கத்துல நின்னு ஒவ்வொரு சில்லா எடுத்துக் குடுத்தேன்."

பிரஜின் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். அவள் உட்காரவில்லை.

"எங்கம்மைக்கு ஒரு போட்டோ கிடையாது மேடம். ரேஷன் கார்டுலகூட அப்பா படந்தான். அடக்கத்தன்னைக்கு போட்டோக்காரரைக் கூப்பிட மலையில ஆளு ஏது? எனக்கு அவ மொகமே மறந்துபோச்சு. நேத்து பேப்பரைப் பிரிச்சா அந்த மலை. மலையப் பாத்ததும் எனக்குக் கைகால் ஓடல. அதுக்குக் கீழ பாத்தா, பேரில்லாதவங்கன்னு."

அவள் பெயர் ஜெபமலர். கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலைக்கு வரும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றை நடத்துகிறாள். மீராவின் ஆபீசிலிருந்து நடந்துபோகிற தூரம். பத்து வருஷமாக அந்தக் கட்டடத்தின் பச்சைக் கேட்டை மீரா தினமும் கடந்திருக்கிறாள். அம்மா இறந்தபோது ஜெபமலருக்கு ஒன்பது வயது. எஸ்டேட் வேலை குறைந்துகொண்டே வந்த காலத்தில் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு தக்கலைப் பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டார். கல்யாணமான புதிதில் ஒரு தடவை புருஷனோடு போனக்காட்டுக்குப் போயிருக்கிறாள். கல்லறைத் தோட்டம் இருந்த இடத்தில் காடுதான் இருந்தது. அட்டை கடித்ததும் மழை பிடித்ததும்தான் மிச்சம். கண்டுபிடிக்க முடியாமல் இறங்கி வந்துவிட்டாள்.

"நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்க. ஒரு செடியப் பிடுங்கி எறியலாம்ல? மனுஷங்களுக்கு வச்ச எடம்தானே அது? காடு மூடிக் கெடக்கிறது ஒங்களுக்கு அழகாட்டு இருக்கு. எனக்கு இது எங்கம்மையோட வீடு இடிஞ்சு கெடக்கிற மாதிரி இருக்கு."

மீரா சுவரருகே போய், நகத்தால் அந்தச் சிவப்புப் பொட்டைச் சுரண்டி எடுத்தாள்.

"மீரா, நீ என்ன பண்ணுற? அது சேல் ஆயாச்சு" என்றான் பிரஜின்.

"ஆகல."

"அவரிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"இவங்க அம்மா படம்னு சொல்லு."

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னாள். விஜயலக்ஷ்மி மோர்ச்சாதத்தைப் பிசைந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், "அந்தப் பொண்ணு அவ்வளவு தூரம் வெயில்ல வந்தாளே, ஒரு வாய் காப்பி குடுத்தியோ?" என்றாள்.

"இல்லம்மா. தோணல."

"தோணாது. கல்லைப் பாத்துப் பாத்து மனுஷா கண்ணுல படமாட்டா." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபடி, "அவளை அங்கே கூட்டிண்டு போ. நீதானே வழி தெரிஞ்சவ" என்றாள்.

மறுநாளே மீரா பச்சைக் கேட்டுக்குள் போய்க் கூப்பிட்டாள். ஜெபமலர் முதலில் நம்பவில்லை. பிறகு ஹாஸ்டல் சமையல்கார அக்காவிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

அந்த வார சனிக்கிழமை தம்பானூரிலிருந்து அதிகாலை பஸ்ஸில் கிளம்பினார்கள். மீராவின் பையில் அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதம், இன்னொரு பொட்டலத்தில் ஈரத்துணி சுற்றிய நந்தியாவட்டைப் பூ. "அது யாருக்கும்மா?" என்று மீரா கேட்டதற்கு, "அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு. அவாள்லாம் என்ன பூ வெப்பான்னு எனக்குத் தெரியாது. இதுதான் நம்மாத்துல பூத்தது" என்றிருந்தாள் விஜயலக்ஷ்மி. ஜெபமலரின் பையில் மெழுகுவர்த்தி, அட்டை கடித்தால் போட உப்புப் பொட்டலம், செய்தித்தாளில் சுருட்டிய வெட்டுக்கத்தி.

விதுரை தாண்டி செக்போஸ்டில் பெயர் எழுதிவிட்டு பஸ் மலை ஏறியது. பின் சீட்டில் இருந்த சில பையன்கள் எஸ்டேட் பங்களாவில் பேய் இருப்பதாக ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொண்டு, போனில் படம்பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஜெபமலர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அந்த பங்களாவுல என்ன பேய்? எங்கம்மை அங்கதான் துணி தொவச்சுப் போட்டா" என்று மெல்லச் சொன்னாள்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் கூரை சரிந்த தேயிலை ஃபேக்டரி. அதற்கு மேலே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள். சில வீடுகளில் இன்னும் புகை வந்தது. ஒரு வாசலில் தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜெபமலர் லயங்களை எண்ணிக்கொண்டே போய், கதவில்லாத ஒரு வீட்டு முன்னால் நின்றாள். உள்ளே ஆடு கட்டியிருந்தது. "இதுதான்" என்றாள். எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு சின்னதா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு நடந்தாள்.

சரிவுக்கு வந்ததும்தான் மீராவுக்குச் சிக்கல் தெரிந்தது. அவள் அந்தப் படத்தை எடுத்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. அவள் எங்கேயும் குறித்துவைக்கிற பழக்கம் இல்லாதவள். கால் போன போக்கில் போவாள், கண்ணில் பட்டதை எடுப்பாள். இப்போது பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. தலைக்கு மேல் வளர்ந்த தேயிலை, அதன் மேல் கொடி, கொடிக்குக் கீழே இருட்டு. இங்கேதான் என்று ஒரு இடத்தில் நுழைந்தார்கள், கல்லே இல்லை. அடுத்த இடத்தில் யாரோ ஒருவருடைய உடைந்த கல்லறை. ஜெபமலர் ஓடிப்போய்ப் பாசியைத் துடைத்தாள். வேறு பெயர். வெட்டுக்கத்தியால் வழி வெட்டிக்கொண்டே போனாள். முட்டிவரை சேறு, கணுக்காலில் அட்டை. பக்கத்துச் சரிவில் ஏதோ கனமாக நடக்கும் சத்தம் கேட்டு இருவரும் மூச்சை அடக்கி நின்றார்கள். காட்டெருமையாக இருக்கவேண்டும். அது போன பிறகு ஜெபமலர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்களுக்கும் தெரியாது, இல்லையா?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. களைத்துப்போய்க் கேட்டாள்.

மீராவுக்கு அழுகை வந்தது. பையைத் திறந்தாள். அன்றைக்கு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் எடுத்த வரிசையிலேயே ஒரே தாளில் சின்னச் சின்னதாக அச்சடித்து, எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்தாள். அதைப் பாறையில் விரித்தாள்.

சிலுவைக்கு முந்திய படத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதற்கும் முந்தியதில் லயத்தின் பின்சுவர். "அப்படின்னா லயத்துலேர்ந்து தொட்டிக்கு வந்து, அங்கேர்ந்துதான் போயிருக்கேன்" என்றாள் மீரா. பிறகு தாளில் இருந்த சிலுவைப் படத்தையே உற்றுப் பார்த்தாள். இடது ஓரத்தில், மங்கலாக, ஃபேக்டரிக் கூரையின் ஒரு மூலை. அதற்கு நேர் மேலே அகஸ்தியர்கூடம் மலையின் உச்சி.

"ஜெபமலர், இங்க பாருங்க. நாம நடக்க நடக்க கூரையும் மலையும் ஒண்ணைவிட்டு ஒண்ணு நகரும். ரெண்டும் சரியா இப்படி ஒண்ணுமேல ஒண்ணு வர்ற எடம் ஒண்ணுதான் இருக்கும். அந்தக் கோட்டுல நேர இறங்கினா கிடைச்சுடும்."

"மலை எங்க இருக்கு?"

மலை இல்லை. முழுக்க மேகம்.

தொட்டியைக் கண்டுபிடித்து அதன் விளிம்பில் காத்திருந்தார்கள். தயிர்சாதத்தைப் பிரித்தார்கள். ஜெபமலர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இஞ்சி போட்டிருக்காங்க ஒங்கம்மா" என்றாள். பிறகு, "ஒங்கப்பா இருக்காரா?" என்று கேட்டாள்.

மீரா திருவல்லத்தைப் பற்றிச் சொன்னாள். படித்துறையில் பசுமாடு குளித்ததைச் சொன்னாள். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூட நாட்களில் அப்பா அவளைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, கிழக்கே கோட்டைக் கூட்டத்துக்குள் ரொம்ப மெதுவாக ஓட்டிப்போவதை, யாராவது சைக்கிள் மணி அடித்தால் அவர் வழிவிட்டு ஒதுங்கி நிற்பதை எல்லாம் சொன்னாள்.

"பின்ன ஒங்களுக்குப் போய் நிக்க எடமே இல்லையா?" என்றாள் ஜெபமலர். அவள் குரல் மாறியிருந்தது. "அதான் எங்க ஆளுங்ககிட்ட வந்து நின்னீங்க போல."

மீரா தலையசைத்தாள்.

"எங்கப்பா ஊருக்கு வந்தப்புறம் அம்மையப் பத்தி வாயே திறக்கமாட்டாரு. நான் கேட்டா எழுந்து வெளிய போயிருவாரு. அவருக்கு மறந்துபோச்சுன்னே நெனச்சேன். சாகக்கெடக்கையில, ஜன்னலத் தொற, மழை வருதான்னு பாரு, கொழுந்து நனையும்னாரு. தக்கலையில எங்க தேயிலைக் கொழுந்து? அப்பத்தான் எனக்கு வெளங்கிச்சு, அவரு இத்தன வருஷமும் இங்கயேதான் இருந்திருக்காருன்னு."

காற்று திரும்பியது. மேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்து மலையின் ஒரு தோள் தெரிந்தது, பிறகு உச்சி. மீரா எழுந்து ஓடினாள். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள், செடியில் முட்டிக்கொண்டாள், இன்னும் இரண்டடி, இன்னும் ஒரு அடி. கூரையின் மூலை மலைக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. "இங்கதான்! இந்தக் கோட்டுல!" என்று கத்தினாள். ஜெபமலர் வெட்டுக்கத்தியோடு முன்னால் இறங்கினாள். கொஞ்ச தூரத்தில் அவள் சத்தம் நின்றுவிட்டது.

மீரா இறங்கிப் போனபோது ஜெபமலர் மண்டியிட்டிருந்தாள். சிலுவை இருந்தது. படத்தில் இருந்ததைவிட இன்னும் சாய்ந்திருந்தது. பெரணிகள் அதன் தலைக்கு மேலே வளர்ந்து குடைபோல நின்றன.

"வெட்டலாம்" என்றாள் மீரா. தானே குனிந்து ஒரு பெரணியைப் பிடித்து இழுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு கல்லறையில் பிடுங்கிய முதல் செடி அது. இருவரும் பாசியை நகத்தால் சுரண்டினார்கள். நீலச் சில்லுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரு சில்லில் பாதி இலை, இன்னொன்றில் காம்பு. நடுவில், ஆணியால் கீறிய எழுத்து. 'பொன்னம்' என்று பெரிதாக எழுதி, குறுக்குச்சட்டம் அதோடு முடிந்துபோய், 'மை' மட்டும் கீழே, சின்னதாக, தனியாக நின்றது.

ஜெபமலர் சிரித்துவிட்டாள். "எடம் பத்தல! எங்கப்பா இப்படித்தான். எதை எழுதினாலும் கடைசியில எடம் பத்தாது." சிரித்துக்கொண்டே இருந்தவள் சிலுவையில் நெற்றியை வைத்து அழுதாள். மீரா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஜெபமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிலுவையைச் சுற்றியிருந்த வேரை வெட்டக் கத்தியை எடுத்தாள். ஓங்கியவள் நிறுத்தினாள். குனிந்து அடியில் விரலைவிட்டுப் பார்த்தாள். சிலுவை அடியிலேயே உடைந்திருந்தது. அந்த வேர் இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் அது இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"இது கெடக்கட்டும்" என்றாள். "நாங்க யாரும் வராதப்ப இதுதான் பிடிச்சிட்டு இருந்திருக்கு."

பெயரும் பீங்கானும் தெரிகிற அளவுக்கு மட்டும் சுத்தம் செய்தார்கள். மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. கடைசியில் இருவரும் கையால் மறைத்துக்கொண்டு ஏற்றினார்கள். நந்தியாவட்டையை ஜெபமலர் சிலுவையின் இரண்டு கையிலும் வைத்தாள்.

"எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுங்க" என்றாள்.

மீராவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கல்லறைகளை எடுக்கத் தொடங்கியதிலிருந்து அவள் படத்தில் மனிதர்கள் வந்ததில்லை. ஜெபமலர் கைகளைத் துடைத்து, தலைமுடியை ஒதுக்கி, துப்பட்டாவைச் சரிசெய்து, சிலுவையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, ஸ்டுடியோவில் உட்கார்வதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தப் படம் இப்போது ஹாஸ்டலில் ஜெபமலரின் மேஜைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. வழுதக்காட்டில் கண்காட்சி முடிகிற வரைக்கும் பழைய படத்துக்குக் கீழே 'பொன்னம்மை, போனக்காடு' என்று எழுதி வைத்திருந்தான் பிரஜின். தலைப்பையும் எடுத்துவிட்டான். விடுதிக்காரருக்கு வருத்தம்தான். மீரா மறுபடி அஞ்சுதெங்குக்கும் நெடுமங்காட்டுக்கும் போனாள். இப்போதும் செடிகளை வெட்டுவதில்லை. ஆனால் படம் எடுத்து முடித்ததும் கொடியை மெல்லத் தூக்கிப் பெயரைப் படித்துவிட்டு, பக்கத்தில் யார் வீடு இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் வருகிறாள்.

சிலுவையைக் கண்ட அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் மலை இறங்கும்போது இருவருக்கும் ஜன்னல் சீட்டு கிடைத்தது. உடம்பெல்லாம் சேறு. பேய் பார்க்கப் போன பையன்கள் பின்னால் தூங்கிவிட்டார்கள். செக்போஸ்ட் தாண்டியதும் ஜெபமலர் திடீரென்று, "மீரா" என்றாள். மேடம் என்கிற பேச்சு எப்போது நின்றது என்று மீரா கவனிக்கவில்லை.

"எனக்கு இப்ப ஒண்ணு ஓர்மை வருது. ஒரு தடவை யூனியன்காரங்க எல்லாரையும் லாரியில ஏத்தி திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்தாங்க, ஜாதா ஊர்வலத்துக்கு. அம்மை என்னையும் தூக்கிட்டு வந்துட்டா. கோஷம் போட்டு முடிஞ்சதும் பொம்பளைங்க எல்லாரும் சங்குமுகம் போணும்னு அடம்பிடிச்சாங்க. அம்மை அதுவரை கடல் பாத்ததில்ல."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சேலையத் தூக்கிச் செருகிட்டு முட்டி வரைக்கும் போய் நின்னா. நான் கூப்பிடக் கூப்பிட வரல. அப்புறம் ஒரு சோடாபாட்டில்ல கடல்தண்ணி பிடிச்சு எடுத்துட்டு வந்தா, அப்பாவுக்குக் காட்டணும்னு. வர்ற வழி முழுக்க லாரியில மடியில வச்சிட்டு வந்தா. அப்பா அத ஒரு வாய் குடிச்சுட்டு மொகத்தைச் சுளிச்சாரு பாரு, அம்மை சிரிச்ச சிரிப்பு..."

ஜெபமலர் நிறுத்தினாள். மீராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு பல்லு ஏறியிருக்கும் மீரா. சிரிச்சா தெரியும். எனக்கு இப்பத் தெரியுது."

பஸ் விதுரைக்கு வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டது. இன்னும் சொல்லுங்கள் என்றாள் மீரா. ஜெபமலர் அந்த லாரியில் யார் யார் வந்தார்கள், அம்மை அன்றைக்கு என்ன சேலை கட்டியிருந்தாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.